டிராக்டர் பின்னாடியே கொக்குக் கூட்டம் ஏன் போகுது? தென்னேரி வயலுக்கும் அமேசான் படை எறும்புக்கும் ஒரே கணக்குதான்!

காஞ்சிபுரம் மாவட்டம் தென்னேரி பக்கம் நடவு நேரத்தில் போனால் ஒரு காட்சி தவறாமல் கண்ணில் படும். சேடை ஓட்டும் டிராக்டருக்குப் பின்னால் வெள்ளை வெளேர் என்று ஒரு கொக்குக் கூட்டம். வண்டி திரும்பினால் கூட்டமும் திரும்பும். இன்ஜின் சத்தத்தையும் புகையையும் அவை கண்டுகொள்வதே இல்லை.

"மண்ணைக் கிளறினா புழு பூச்சி வரும், அதைத் தின்ன வருது. இதுல என்ன இருக்கு?" என்று தோன்றலாம். ஆனால் இதே வித்தையை நம்பித்தான் பல ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி, அமேசான் காட்டில் சில பறவைகள் வாழ்க்கையையே ஓட்டுகின்றன. அங்கே டிராக்டர் இல்லை. லட்சக்கணக்கான எறும்புகள்தான் அந்த வேலையைச் செய்கின்றன.

இந்த இரண்டு கூட்டத்தில் ஒன்று உலகம் முழுக்கப் பரவிவிட்டது. இன்னொன்று, காடு துண்டான இடங்களில் இருந்து காணாமல் போயிருக்கிறது. ஏன் இந்த வித்தியாசம்? விரிவாகப் பார்க்கலாம்.

டிராக்டர் பின்னால் வருவது எந்தக் கொக்கு?

வயலில் நிற்கும் வெள்ளைப் பறவை எல்லாம் ஒன்றல்ல. டிராக்டருக்கும் மாட்டுக்கும் பின்னால் கூட்டமாக வருவது பெரும்பாலும் உண்ணிக்கொக்கு. கழுத்து கொஞ்சம் குட்டை. அலகு மஞ்சள். இனப்பெருக்கக் காலத்தில் தலை, கழுத்து, முதுகில் ஆரஞ்சு கலந்த பழுப்பு நிறம் ஏறும். அதை வைத்தே எளிதாக அடையாளம் கண்டுவிடலாம்.

அலகு கறுப்பாகவும், கால் விரல்கள் மட்டும் மஞ்சளாகவும் இருந்தால் அது சின்னக் கொக்கு. வரப்பில் பழுப்பு நிறத்தில் அசையாமல் நின்று, பறக்கும்போது மட்டும் திடீரென்று வெள்ளை இறக்கை காட்டுவது மடையான்.

ஆசியப் பகுதியில் வாழும் உண்ணிக்கொக்கின் அறிவியல் பெயரிலேயே நம்ம ஊர் இருக்கிறது. 'கொரமாண்டஸ்' என்பது அந்தப் பெயரின் ஒரு பகுதி. கொரமாண்டல் கரை, அதாவது சோழமண்டலக் கரையைக் குறிக்கும் சொல் அது. 1783-ல் வைக்கப்பட்ட பெயர்.

உண்ணிக்கொக்கு உண்ணி பொறுக்கித்தான் வாழுதா?

இல்லை. பெயர் கொஞ்சம் ஏமாற்றும். மாட்டின் மேல் ஏறி உட்கார்ந்து உண்ணியையும் ஈயையும் கொத்துவது உண்மைதான். ஆனால் அதன் முக்கியச் சாப்பாடு அது இல்லை. வெட்டுக்கிளி, சிள்வண்டு, ஈ, சின்னத் தவளை, புழு இவைதான் அதன் வயிற்றை நிரப்புகின்றன.

அப்படியானால் மாட்டை ஏன் விடாமல் பின்தொடர்கிறது? மாடு நடக்கும்போது புல்லுக்குள் பதுங்கியிருக்கும் வெட்டுக்கிளி பயந்து துள்ளும். அசையாமல் இருக்கும் வரை அது பச்சையோடு பச்சை, கண்ணுக்கே தெரியாது. துள்ளிவிட்டால் மாட்டிக்கொள்ளும். தேடும் வேலை மாட்டுக்கு, பிடிக்கும் வேலை மட்டும் கொக்குக்கு.

இதில் லாபம் எவ்வளவு என்று ஆய்வாளர்கள் எண்ணியே பார்த்திருக்கிறார்கள். தனியாக இரை தேடும் கொக்கைவிட, மாட்டோடு போகும் கொக்கு இரை பிடிப்பதில் சுமார் 3.6 மடங்கு அதிக வெற்றி பெறுவதாக ஒரு ஆய்வு சொல்கிறது. டிராக்டர் போன்ற பண்ணை இயந்திரத்தின் பின்னால் போனாலும் கிட்டத்தட்ட அதே பலன்தான். ஆனால் ஒரு சிக்கல்: மாட்டைவிட வண்டி வேகம் என்பதால் கொக்கு அதிகமாக ஓடவும் பறக்கவும் வேண்டியிருக்கிறது.

மாடு எல்லாமும் ஒன்றல்ல. நிமிடத்துக்கு 5 முதல் 15 அடி எடுத்து வைக்கும் விலங்கைத்தான் கொக்கு தேர்ந்தெடுக்கிறது. ரொம்ப வேகமாகப் போனால் பின்னால் ஓட முடியாது. ஒரே இடத்தில் நின்றால் பூச்சி கிளம்பாது. மேய்கிற மாட்டின் நடை இந்தக் கணக்குக்குச் சரியாகப் பொருந்துகிறது.

நம்ம ஊரில் வேறு எந்தப் பறவைக்கு இந்தப் பழக்கம் உண்டு?

நிறைய இருக்கின்றன. மேயும் மாட்டின் முதுகில் சவாரி செய்யும் கரிச்சானைப் பார்த்திருப்பீர்கள். இரட்டைவால் குருவி, கரிக்குருவி என்றும் சொல்வார்கள். மாட்டின் காலடியில் பூச்சி கிளம்பியதும் ஒரே பாய்ச்சலில் பிடித்துக்கொண்டு மறுபடியும் முதுகுக்கே வந்துவிடும்.

மைனாவும் அப்படித்தான். அதன் அறிவியல் பெயரின் முதல் பாதிக்கே 'வெட்டுக்கிளி வேட்டைக்காரன்' என்றுதான் பொருள். 1762-ல் மொரீஷியஸ் தீவில் வெட்டுக்கிளித் தொல்லையை ஒழிக்க இந்தியாவில் இருந்து மைனாக்களைக் கொண்டுபோனார்கள்.

மழை விட்ட மாலையில் ஈசல் கிளம்பும்போது கவனித்துப் பாருங்கள். காக்கை, கரிச்சான், மைனா, பஞ்சுருட்டான் என எல்லாமே அங்கே ஆஜர். எங்கே பூச்சி வெளியே வருகிறதோ அங்கே பறவை. இதுதான் அடிப்படைக் கணக்கு.

காட்டுக்குள் போனால் இந்தக் கணக்கு இன்னும் சுவாரசியமாகும். மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கையின் சிங்கராஜ வனத்திலும் பல இனப் பறவைகள் ஒன்றாகச் சேர்ந்து இரை தேடிப் போகும். சிங்கராஜ வனத்தில் இப்படிப்பட்ட ஒரு கூட்டத்தில் சராசரியாக 10-க்கும் மேற்பட்ட இனங்கள், சுமார் 40 பறவைகள் இருப்பதாக ஆய்வுகள் சொல்கின்றன.

அந்தக் கூட்டத்தில் துடுப்புவால் கரிச்சானுக்குத் தனி இடம். மற்ற பறவைகள் இலையைக் கிளறும்போது பறக்கும் பூச்சியை இது பிடிக்கும். அதோடு மற்ற பறவைகளின் குரலில் கத்தி, அவற்றைத் தன் பக்கம் கூட்டிக்கொண்டும் வரும். மாடு இல்லாத காட்டில் மற்ற பறவைகளையே 'மாடு' ஆக்கிக்கொள்ளும் தந்திரம் என்று வைத்துக்கொள்ளலாம்.

சரி, அமேசானில் என்ன நடக்குது?

மெக்சிகோவில் இருந்து தென் அமெரிக்கா வரை, வெப்பமண்டலக் காடுகளில் படை எறும்புகள் இருக்கின்றன. இவற்றுக்கு நிலையான புற்று கிடையாது. லட்சக்கணக்கான எறும்புகள் ஒன்றை ஒன்று காலால் கோத்துக்கொண்டு, தங்கள் உடம்பையே கூடாக்கி, ராணியையும் முட்டைகளையும் நடுவில் வைத்துக்கொள்ளும். ஒரு கூட்டத்தில் 3 லட்சத்தில் இருந்து 7 லட்சம் எறும்புகள் வரை இருக்கலாம்.

விடிந்ததும் வேட்டை. 10, 15 மீட்டர் அகலத்துக்கு விரிந்து, தரையை மூடிய போர்வை மாதிரி நகர்ந்து வரும். வேகம் ரொம்பக் குறைவுதான், மணிக்குச் சுமார் 15 மீட்டர். இவற்றுக்குக் கண்பார்வையும் கிட்டத்தட்ட இல்லை. ஆனால் வழியில் சிக்கும் சிலந்தி, கரப்பான், தேள், வெட்டுக்கிளி எதுவும் தப்புவது கஷ்டம். உயிர் பிழைக்க அவை சருகில் இருந்து வெளியே பாயும்.

அங்கேதான் பறவைகள் காத்திருக்கும். தரைக்குச் சற்று மேலே, சின்னச் செடிகளின் தண்டைக் குறுக்குவாட்டில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். ஓடிவரும் பூச்சியை எறும்பு பிடிப்பதற்கு முன்னால் கொத்திக்கொள்ளும். இவற்றுக்குப் பெயர் எறும்புப் பறவைகள். உண்ணிக்கொக்கு மாதிரியே இங்கேயும் பெயர் ஏமாற்றும். இவற்றின் குறி எறும்பு இல்லை, எறும்புக்குப் பயந்து ஓடும் பூச்சிதான்.

அங்கேயும் முன்வரிசை, பின்வரிசை உண்டா?

உண்டு. பனாமாவின் பாரோ கொலராடோ தீவில் 1960-ல் இருந்து எட்வின் வில்லிஸ் என்ற ஆய்வாளர் இந்தப் பறவைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார். அங்கே பறவையின் உடம்பு எவ்வளவு பெரிதோ அவ்வளவு நல்ல இடம். எறும்புப் படையின் முகப்பில், பூச்சி அதிகம் கிளம்பும் இடத்தைப் பெரிய இனம் பிடித்துக்கொள்ளும். அதற்கடுத்த வட்டத்தில் நடுத்தர அளவு. ஓரத்தில் சின்ன இனம், கிடைத்ததை வைத்துச் சமாளிக்கும்.

தென்னேரி வயலிலும் இதைப் பார்க்கலாம். வண்டிக்கு மிக நெருக்கமாக ஓடும் கொக்குகளையும், தள்ளியே நிற்கும் கொக்குகளையும் கவனியுங்கள். கூட்டத்தில் பலம் வாய்ந்த கொக்குதான் மாட்டுக்கு மிக அருகில் இடம் பிடிக்கும், அதற்குத்தான் அதிக இரையும் கிடைக்கும்.

எறும்புக்கு லீவு நாளில் பறவை என்ன செய்யும்?

படை எறும்பு தினமும் ஒரே மாதிரி வேட்டைக்குக் கிளம்பாது. சுமார் 15 நாள் தினமும் இடம் மாறிக்கொண்டே பெரிய வேட்டை நடத்தும். அடுத்த சுமார் 20 நாள் ஒரே இடத்தில் தங்கும். அந்த நாட்களில் வேட்டை குறைவு, சில நாள் வேட்டையே கிடையாது.

அதனால் ஒரே ஒரு எறும்புக் கூட்டத்தை நம்பி ஒரு பறவையால் பிழைக்க முடியாது. காட்டுக்குள் பல கூட்டங்கள் எங்கெங்கே தங்கியிருக்கின்றன என்று அது நினைவில் வைத்திருக்க வேண்டும். காலையில் கூடுகூடாகப் போய் எட்டிப் பார்த்து, இன்றைக்கு எது கிளம்புகிறது என்று தெரிந்துகொள்ளும். எந்தக் கழனியில் இன்றைக்கு டிராக்டர் இறங்கும் என்று ஒரு சுற்று வந்து பார்ப்பது மாதிரிதான் இதுவும்.

இந்த எறும்புப் படையைச் சார்ந்து பறவை மட்டுமா வாழ்கிறது? இல்லை. பறவை போடும் எச்சத்தைச் சாப்பிடச் சில வண்ணத்துப்பூச்சிகள் படையோடு கூடவே வரும். ஒரே ஒரு படை எறும்பு இனத்தோடு தொடர்புடையதாக 500-க்கும் மேற்பட்ட உயிரின வகைகள் பதிவாகியிருக்கின்றன.

இதில் எறும்புக்கு லாபமா, நஷ்டமா?

"பறவை எடுத்துக்கிட்டா எறும்புக்கு என்ன குறைஞ்சிடும்?" என்றுதான் நீண்ட காலம் நினைத்தார்கள். 2005-ல் வெளியான ஓர் ஆய்வு வேறு மாதிரி சொன்னது. பறவைகளை வரவிடாமல் தடுத்தபோது எறும்புகளுக்கு அதிக இரை கிடைத்தது. அதாவது பறவை இங்கே சும்மா ஒட்டிக்கொண்டு வரும் விருந்தாளி இல்லை. பந்தியில் எறும்பின் பங்கையும் சேர்த்துச் சாப்பிடும் விருந்தாளி.

வயலில் இந்தப் பிரச்சினை இல்லை. கொக்கு தின்னும் வெட்டுக்கிளி மாட்டின் சாப்பாடு கிடையாது. விவசாயிக்கும் அதனால் இழப்பு இல்லை, பூச்சி குறைந்தால் லாபம்தான்.

இந்தியாவில் படை எறும்பு இல்லையா?

அந்த வகை எறும்புகள் இங்கேயும் இருக்கின்றன. ஆனால் ஒரு பிரிவு பெரும்பாலும் மண்ணுக்கு அடியிலேயே வேலை செய்யும். இன்னொரு பிரிவு முக்கியமாக மற்ற எறும்புகளின் புற்றைத்தான் கொள்ளையடிக்கும். அமேசானில் மாதிரி தரைமேல் அகலமாகப் பரவி, கண்ணில் பட்டதை எல்லாம் விரட்டுவது கிடையாது. தரைமேல் பூச்சி கிளம்பாவிட்டால் பறவைக்கு அங்கே என்ன வேலை?

அதனால்தான் நம்ம ஊர்ப் பறவைகள் எறும்பை விட்டுவிட்டு மாட்டையும் எருமையையும் ஏரையும் பிடித்துக்கொண்டன. இப்போது டிராக்டரையும் பிடித்துக்கொண்டன.

ஆளை மாற்றத் தெரிந்தது பிழைத்தது

இனிதான் முக்கியமான விஷயம். உண்ணிக்கொக்குக்கு 'யார் கிளறுகிறார்கள்' என்பது ஒரு பொருட்டே இல்லை. ஆப்பிரிக்காவில் வரிக்குதிரை, காட்டெருமை. இங்கே பசு, எருமை. எருமை போனால் டிராக்டர். இந்தத் தாராள மனசுதான் அதன் பலம். 1877-ல் தென் அமெரிக்காவில் முதன்முதலில் பார்க்கப்பட்டது. 1953-ல் அமெரிக்காவின் புளோரிடாவில் கூடு கட்டிவிட்டது. காட்டை அழித்து மாட்டுப் பண்ணை போட்ட இடமெல்லாம் அதற்குப் புது ஊர் ஆனது.

அதே மாட்டுப் பண்ணைதான் எறும்புப் பறவைக்கு எமன். 1979-ல் பிரேசிலின் மனாஸ் நகருக்கு அருகே தாமஸ் லவ்ஜாய் என்ற விஞ்ஞானி ஒரு பெரிய ஆய்வைத் தொடங்கினார். மாட்டுப் பண்ணைக்காகக் காடு வெட்டப்படும்போது 1 ஹெக்டேர், 10 ஹெக்டேர், 100 ஹெக்டேர் எனத் துண்டுகளை விட்டுவைத்து, உள்ளே என்ன நடக்கிறது என்று பார்ப்பதுதான் திட்டம்.

1 ஹெக்டேர், 10 ஹெக்டேர் துண்டுகளில் இருந்து, எறும்பை மட்டுமே நம்பிய பறவைகள் இரண்டு ஆண்டுகளுக்குள் காணாமல் போயின. காரணம் எளிது. ஒரு எறும்புக் கூட்டத்துக்கே சுமார் 30 ஹெக்டேர் காடு வேண்டும், அதாவது 75 ஏக்கர். பறவைக்கோ ஒரு கூட்டம் போதாது, பல கூட்டம் வேண்டும். 25 ஏக்கர் காட்டில் மரம் இருக்கும், நிழல் இருக்கும், பூச்சியும் இருக்கும். ஆனால் அதைக் கிளப்பிவிட ஆள் இருக்காது.

வில்லிஸ் கவனித்த பாரோ கொலராடோவிலும் இதே கதை. பனாமா கால்வாய்க்காக ஆற்றில் அணை கட்டியபோது ஏரி நிரம்பி, ஒரு மலையுச்சி தீவாக மாறியது. சுமார் 1,500 ஹெக்டேர். நல்ல பாதுகாப்பு, மரம் வெட்டத் தடை. அப்படியும் அங்கே முன்வரிசையில் ராஜா மாதிரி இருந்த பெரிய எறும்புப் பறவை இனம் அந்தத் தீவில் இருந்தே மறைந்துவிட்டது.

ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. மனாஸ் அருகே மேய்ச்சலைக் கைவிட்டு, சுற்றிலும் மறுபடியும் மரம் வளர்ந்த இடங்களில், போன பறவைகள் சில திரும்பி வந்தன.

தென்னேரிக்கு இதில் என்ன பாடம்?

காஞ்சிபுரம் மாவட்டத்தின் பெரிய ஏரிகளில் ஒன்று தென்னேரி. திரையனேரி என்ற பழைய பெயர்தான் இப்படி மாறியது என்று சொல்வார்கள். ஏரி நிரம்பினால் நெல், நெல் என்றால் உழவு, உழவு என்றால் கொக்கு. இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி ஏற்கனவே மாறிவிட்டது. கால்நடைக் கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டில் 2012-ல் சுமார் 7.8 லட்சமாக இருந்த எருமைகள், 2019-ல் சுமார் 5.2 லட்சமாகக் குறைந்தன. கொட்டகையில் கட்டித் தீனி போடும் கலப்பின மாட்டின் பின்னால் போனால் கொக்குக்கு ஒன்றும் கிடைக்காது.

அந்த இடத்தை டிராக்டர் நிரப்பியது. சரி, கொக்கு தப்பித்துவிட்டது என்று நிம்மதி ஆகலாமா? முழுசாக முடியாது. ஏனென்றால் கிளறும் ஆளைத்தான் கொக்கால் மாற்ற முடியும். மூன்று விஷயங்களை மாற்ற முடியாது.

• மண்ணில் பூச்சி இருக்க வேண்டும். கண்மூடித்தனமாக மருந்து அடித்தால் தீமை செய்யும் பூச்சியோடு கொக்கின் சாப்பாடும் சேர்ந்து சாகும். மிச்சம் இருக்கும் பூச்சி வழியாக விஷம் கொக்கின் உடம்புக்கும் போகும்.

• கூடு கட்ட மரம் வேண்டும். பகலில் வயலில் மேய்ந்தாலும், கொக்கு கூட்டமாகத்தான் கூடு கட்டும். பெரும்பாலும் நீர்நிலையை ஒட்டிய மரங்களில்.

• மேய நிலம் வேண்டும். ஏரியும் வயலும் மனைப் பிரிவு ஆகிவிட்டால் அங்கே எத்தனை ஜேசிபி மண்ணைக் கிளறினாலும் அது ஒரு நாள் விருந்துதான்.

இதன் மதிப்பு பக்கத்திலேயே இருக்கும் வேடந்தாங்கல் மக்களுக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது. பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பதால், 18-ம் நூற்றாண்டின் கடைசியிலேயே பறவைகளைச் சுடக்கூடாது என்று கலெக்டரிடம் உத்தரவு வாங்கியவர்கள் அவர்கள். வயலில் பூச்சியைத் தின்று, ஏரியில் உரத்தைப் போட்டு, அந்தத் தண்ணீர் மறுபடியும் வயலுக்கே வருகிறது. கூலி கேட்காத வேலை.

வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972-ன் கீழ் கொக்கைப் பிடிப்பதும் விற்பதும் குற்றம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

சுருக்கமாக...

எறும்புப் பறவையும் உண்ணிக்கொக்கும் செய்வது ஒரே தொழில்: மற்றவர் கிளப்பிவிடும் பூச்சியைப் பிடிப்பது. ஒரே ஒரு கூட்டாளியை நம்பிய பறவை, அந்தக் கூட்டாளி போனதும் தானும் போனது. கூட்டாளியை மாற்றத் தெரிந்த பறவை இன்னும் நம் வயலில் இருக்கிறது. ஆனால் பூச்சியே இல்லாத மண்ணுக்கு அதனிடமும் மாற்று வழி கிடையாது.

அடுத்த முறை சேடை ஓட்டும் வண்டியைப் பார்த்தால் பின்னால் எத்தனை கொக்கு என்று ஒரு பார்வை பாருங்கள். கூட்டம் இருந்தால் அந்த மண்ணில் இன்னும் உயிர் இருக்கிறது என்று அர்த்தம். வருஷா வருஷம் கூட்டம் குறைந்துகொண்டே வந்தால், என்ன மருந்து அடிக்கிறோம், எந்த மரத்தை வெட்டினோம் என்று யோசிக்க வேண்டியது நாம்தான்.